பாட்டு முடிந்த பிறகு வரும் கரகரப்பு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. பத்தாவது வரை நகரியில் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் எழுத்தை எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அது எப்படி வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். இப்போது சித்தூரில் வீட்டோடு இருந்து ஜாக்கெட் தைக்கிறேன். நாலு பேர் கூடின இடத்தில் வாயைத் திறந்தவள் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால்கூடப் பாத்திரம் கழுவுகிற பக்கமாகப் போய் நின்றுகொள்வேன். அப்படிப்பட்டவள் உங்கள் எல்லாருக்கும் முன்னால் எழுத வந்தது அதிகப்பிரசங்கம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத வைத்தது கோபம். எல்லைப் பக்கத்துத் தமிழ்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து மலர் போடுகிறோம், நம் வயதுக்காரர்கள் ஆளுக்கு ஒரு சின்ன வயது நினைவு எழுதித் தரவேண்டும் என்று செல்போன் குழுவில் செய்தி வந்தது. கூடவே உங்களில் ஒருவர் ஓர் இசைத்தட்டின் படத்தைப் போட்டு, ‘அது ஒரு பொற்காலம்’ என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கும்பிடும் கை, இதயம், அழுகிற முகம். இன்னொருவர் என் நைனாவை, அதாவது அப்பாவை, நினைவு வைத்திருந்து, ‘அவர் மைக் செட் கட்டினால்தான் கல்யாணம் கல்யாணமாக இருக்கும், அந்தக் குரல் இனி வருமா’ என்று எழுதினார். அதற்கும் இதயம்.

நான் எதுவும் போடவில்லை. அந்தப் படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். இசைத்தட்டில் பாட்டுக் கோடுகள் முடிந்த பிறகு, நடுவில் ஒட்டிய காகிதத்துக்கு முன்னால், வழவழவென்று ஒரு வெற்று வளையம் இருக்கும். உங்களில் எத்தனை பேர் அதை உற்றுப் பார்த்திருப்பீர்களோ தெரியாது. நான் அங்கேதான் பார்த்தேன். கம்பெனிக்காரர்கள் பொடியாகக் கீறிய நம்பர் மட்டும் இருந்தது. செல்போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்றைக்கு ஒரு ஜாக்கெட்டின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். அவ்வளவு கோபம்.

அந்த ஒரு கோடைகாலத்தைத்தான் சொல்லப்போகிறேன். நான் நாலாவது முடித்து ஐந்தாவதுக்குப் போகவேண்டிய கோடை.

எங்கள் வீட்டில் உட்காரக்கூட இடம் இருக்காது. முன்னறை முழுக்க மைக் செட் சாமான். குழாய் ஸ்பீக்கர்கள் நாலு, பாம்புச் சுருணை மாதிரி ஒயர், தொட்டால் சுடுகிற ஆம்பிளிபையர், தட்டுச் சுற்றுகிற பெட்டி, மழை வந்தால் போர்த்துகிற யூரியா சாக்கு. ஆம்பிளிபையர் சூடேறும்போது ஒரு வாசனை வரும். இரும்பும் தூசியும் சேர்ந்து கருகுகிற வாசனை. இன்றைக்கும் என் இஸ்திரிப் பெட்டி அதிகம் சுட்டால் அந்த வாசனைதான் வருகிறது, உடனே சுவிட்சை அணைத்துவிடுவேன்.

இசைத்தட்டுகளை வைக்க ஒரு தகரப் பெட்டி. தட்டை நாங்கள் பிளேட்டு என்போம். பெட்டிக்குள் பிளேட்டுகள் நிற்கவைத்து அடுக்கியிருக்கும். எங்கள் வீட்டில் எல்லாரும் பேசுவது தமிழ். நைனாவுக்குப் படிக்கத் தெரிந்தது தெலுங்கு மட்டும். அந்தப் பக்கத்தில் எல்லார் கதையும் அதுதான். சண்டை போடுவது, கொஞ்சுவது, ஒப்பாரி வைப்பது தமிழில், கையெழுத்து தெலுங்கில். தமிழ்ப் பிளேட்டுகளை நைனா அட்டைப் படத்தை வைத்தும் காகித நிறத்தை வைத்தும் அடையாளம் பிடிப்பார். “கண்ணை மூடிக்கினு எடுப்பேன்” என்று பெருமை வேறு.

அம்மா மட்டும் தமிழ் படித்தவள். திருத்தணிக்கு அந்தப் பக்கம் பிறந்தவள். அவளுடைய அப்பா டீக்கடை வைத்திருந்தார், கடையில் பிளேட்டுப் போடுகிற பெட்டி உண்டு. அம்மாவும் அவள் தங்கையும் அங்கே ஐந்தாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடம் போனார்கள். இரண்டு பெண்களும் கடையில் இருந்த ஒரு முருகன் பாட்டுப் பிளேட்டின் வெற்று வளையத்தில் சேஃப்டி பின் முனையால் தங்கள் பெயரைக் கீறி வைத்திருந்தார்கள். விளையாட்டு. அம்மாவைக் கட்டிக்கொடுத்தபோது அந்தப் பிளேட்டும் அவளோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. மைக் செட்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு அவள் அப்பா வேறென்ன தருவார். அதன் அட்டை கிழிந்தபோது அம்மா சிவப்பு நூலால் ஓரம் தைத்தாள். எனக்குத் தெரிந்து பிளேட்டு அட்டைக்குத் தையல் போட்டவள் அவள் ஒருத்திதான்.

அம்மாவைப் பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு, தங்கை எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். என் சின்னம்மா. ஆக, அவளுக்கு எங்கள் வீடுதான் தாய்வீடு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் இதில்தான் இருக்கிறது.

முந்தின வருடம் சின்னம்மாவுக்குக் கல்யாணம். நாலைந்து ஊர் தாண்டி ஓர் ஊரில் மாப்பிள்ளை. மெட்ராஸில் கம்பெனி வேலை, மாதம் ஒருமுறை வருவார். கல்யாணம் எங்கள் வாசலில் நடந்தது. மைக்கைப் பிடித்து உட்கார்ந்தது நைனாதான். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். தாம்பூலம் கொடுக்கும்போது மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் பெயர்தான் முதலில் வரவேண்டும், முதல் வெற்றிலை அவருக்கு. நைனா தன் அண்ணன் பெயரை முதலில் சொல்லிவிட்டார். மறதியா, வேண்டுமென்றேவா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

சின்னம்மாவின் மாமனார் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

“யோவ் மைக்கு! பொண்ணு குடுக்கறவன் பேரு மொதல்ல, எடுக்கறவன் பேரு பின்னாலயா?”

“வாய் தவறி வந்துட்சி. இப்ப சொல்றேன், உக்காரு மச்சான்” என்றார் நைனா. மைக்கை அணைக்காமலே சொன்னார். ஊரே கேட்டது.

“இப்ப சொன்னா அது ரெண்டாவதுதானே? ரெண்டாவது வெத்தலய எங்க வூட்டு ஆடு துன்னும். எடுத்துக்கினு போய் அதுக்கு வை.”

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் குடியைக் கெடுத்தது என்று அம்மா சொல்வாள். வார்த்தை வளர்ந்தது. மாமனார் பெண்ணை அழைத்துக்கொண்டு போகும்போது, “இந்த வூட்டு ஆளு கால் என் வாசப்படில படக்கூடாது. அவன் மைக்குல என் பேர மொதல்ல சொல்லட்டும், அப்பறம் பார்க்கலாம்” என்றார். நைனா பதிலுக்கு, “நானே வந்து சொல்லணுமா? காதத் தீட்டிக்கினு உக்காந்துகினு இரு” என்றார்.

போக்குவரத்து நின்றது. தபால் போட்டால் மாமனார் கைக்குப் போய் அப்படியே அடுப்புக்குப் போகும். ஆனால் பாருங்கள், தொழில் நிற்கவில்லை. நாலு குழாய் வைத்திருந்தவர் அந்த வட்டாரத்தில் நைனா ஒருவர்தான். அந்த ஊரில் கல்யாணமோ காதுகுத்தோ, அவரைத்தான் கூப்பிட்டார்கள். எந்த விசேஷமும் கோயில் முன்னால் பந்தல் போட்டுத்தான் நடக்கும்; கோயிலை ஒட்டி கரண்ட் இருந்தது மாமனார் வீட்டில் மட்டும். நைனா வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு உட்காருவார், ஒயர் ஜன்னல் வழியாக உள்ளே போகும். மனிதர்கள் தாண்டக்கூடாத வாசலைக் கரண்ட் தாண்டிக்கொண்டிருந்தது. ராத்திரி பிளேட்டுப் பெட்டியைக் களவு போகாமலிருக்க அந்த வீட்டு ஆட்களே உள்ளே தூக்கி வைப்பார்கள். காலையில் பாட்டுப் போடும் முன் தூசி துடைக்கவேண்டும். அந்த வேலை மருமகளுக்கு.

அம்மாவுக்கு இது போதுமானதாக இருந்தது.

முதல் தடவை அந்த முருகன் பிளேட்டின் வளையத்தில் அவள் கீறியது ‘எப்படி இருக்கே’. சிவப்பு நூல் தைத்த அட்டையைப் பார்த்தால் சின்னம்மா கட்டாயம் உருவிப் பார்ப்பாள் என்று அவளுக்குத் தெரியும். பெட்டி திரும்பி வந்தபோது அதற்குக் கீழே ‘நல்லாத்தான்’ என்று இருந்தது. அந்த ‘தான்’ என்பதை அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சமையலறைக் கூரையில் வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடி பதித்திருந்தது. அதன் கீழே நின்று பிளேட்டை இப்படியும் அப்படியும் சாய்த்தால்தான் எழுத்துத் தெரியும். நேராகப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. பக்கத்திலேயே கம்பெனி நம்பர் இருந்ததால், யாராவது பார்த்தாலும் சந்தேகம் வராது. அந்தக் கண்ணாடி வெளிச்சத்தில்தான் அம்மா எனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். என் அரிச்சுவடி அந்தப் பிளேட்டு. ‘வ’ எப்படி இருக்கும், ‘கா’ எப்படி இருக்கும் என்று என் விரலைப் பிடித்து அந்தக் கீறல் மேலேயே வைத்துக் காட்டுவாள். விரல் நுனியில் எழுத்து முள் மாதிரி படும்.

ஒருமுறை ‘தலை முழுகலை’ என்று வந்தது. அம்மா தனியாக நின்று சிரித்தாள். அதன்பின் ‘மாங்கா துன்னணும்போல கீது’ என்று வந்தது. அம்மா மாங்காய் வற்றலை அட்டைக்குள் செருகி அனுப்பினாள். நைனா திரும்பி வந்து, “பிளேட்டுல உப்பு ஒட்டிக்கினு கீது, இன்னாடி இது? மூஞ்சூறு கீறு பூந்துட்சா?” என்று கேட்டார். அம்மா, “உங்க பாட்டக் கேட்டு முருகனே வேர்த்துட்டாரு போல” என்றாள். நைனாவும் சிரித்தார். அவருக்கு நல்ல சிரிப்பு. அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

கீறக் கீற, அந்தப் பிளேட்டுக்கு ஒரு சத்தம் வந்துவிட்டது. பாட்டு முடிந்து முள் வெற்று வளையத்தில் ஓடும்போது, குழாயில் கர்... கர்... என்று கரகரக்கும். “முள்ளு தேஞ்சிபோச்சி” என்று நைனா மாற்றிப் பார்த்தார். கரகரப்பு போகவில்லை. அது என் சின்னம்மாவின் எழுத்து. கல்யாணப் பந்தலிலும் காதுகுத்திலும் நாலு குழாயில், வயல் தாண்டி ஏரி தாண்டி, அவள் சொன்னது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். பொற்காலம் என்கிறீர்களே, அதில் இதுவும் சேர்த்தி.

சித்திரை போய் வைகாசி பிறந்தது. ஒன்பதாம் மாதம். முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டார் போய் அழைத்து வரவேண்டும். நாங்கள் போகவில்லை. அவர்கள் அனுப்பவில்லை. ‘அவன் வந்து கூப்பிடட்டும்’ என்று அங்கே, ‘அவன் சொல்லியனுப்பட்டும்’ என்று இங்கே. அந்த ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பெட்டி திரும்பி வந்தது. அம்மா கண்ணாடி வெளிச்சத்துக்குப் போனாள். நான் பக்கத்தில் நின்றேன். எழுத்து கோணல்மாணலாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது.

‘காலு வீங்குது. கண்ணு இருட்டுது. வந்து கூட்டிக்கினு போ.’

அம்மா அதுவரை காத்த ரகசியத்தை அந்த நிமிடமே விட்டாள். பிளேட்டோடு போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனா முன்னால் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். நைனா பிளேட்டை வாங்கிச் சாய்த்துக்கூடப் பார்க்கவில்லை.

“இது கம்பெனி மார்க்குடி. எல்லாப் பிளேட்டுலயும் கீது.”

“கம்பெனி நம்பர் இது. பக்கத்துல பாரு, தமிழு. என் தங்கச்சி எழுத்து.”

“நான் பொழுதன்னிக்கும் கையில வச்சிக்கினு கீறேன், எனக்குத் தெரியாத எழுத்து உனக்குத் தெரிஞ்சிட்சா?”

பெரியப்பாவைக் கூப்பிட்டார்கள். நைனாவின் அண்ணன், கல்யாணத்தில் முதல் வெற்றிலை வாங்கினவர். அவர் போய்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரை அழைத்து வந்தார். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கம்பெனி நம்பரை இங்கிலீஷில் ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

“பக்கத்துல, பக்கத்துல படிங்க சார்” என்றாள் அம்மா.

“நாகு அரவம் ராதம்மா” என்றார். தனக்குத் தமிழ் வராது என்று தெலுங்கில். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அவி ஒட்டி கீத்தலே” என்றும் சொன்னார். வெறும் கோடுகளாம். படிக்கத் தெரியாது என்று சொன்ன வாயாலேயே அது எழுத்து இல்லை என்றும் சொன்னார். அவர் படித்தவர், ஆகவே அதுதான் தீர்ப்பு.

அம்மா, “ரோட்டுக்குப் போலாம், திருத்தணி பஸ் வரும், கண்டக்டரக் கேக்கலாம்” என்றாள்.

“வூட்டு மானத்த பஸ்ல ஏத்தி அனுப்பப் போறியா? டிக்கெட்டு எவ்ளோன்னு கேட்டுக்க” என்றார் பெரியப்பா. “புள்ளத்தாச்சின்னா கால் வீங்கத்தான் வீங்கும். என் பொண்டாட்டிக்கு வீங்கல?”

அப்போதுதான் அம்மா என்னை முன்னால் இழுத்தாள். “இவ படிப்பா. படிடி பாப்பா.”

என்னைச் சுற்றி அத்தனை ஆண்கள். பிளேட்டைச் சாய்த்துப் பிடித்தேன். காலு. வீங்குது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, சத்தமாக, கடைசி வரை படித்தேன். தப்பில்லாமல் படித்தேன். என் வாழ்க்கையில் பிறர் முன்னால் நான் படித்த முதல் தமிழ் அது.

பெரியப்பா சிரித்தார். “நல்லா நெட்டுரு போட வச்சிகீற. கிளிக்குச் சொல்லிக் குடுத்தா கிளியும்தான் சொல்லும்.”

நைனா என் முகத்தைப் பார்த்தார். “பொய் சொல்லக் கத்துக்கினியா?” என்று கேட்டார். அவ்வளவுதான். அடிக்கக்கூட இல்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு நான் எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்கவில்லை. ‘சின்ன வயசுலேர்ந்தே கூச்ச சுபாவம்’ என்று உறவுக்காரர்கள் என்னைப் பற்றிச் சொல்வார்கள். சுபாவமாம்.

கடைசியில் நைனா ஒரு சமாதானம் சொன்னார். அந்த ஊர் கங்கையம்மன் ஜாத்திரை வருகிறது, மூன்று நாள் அங்கேதான் இருக்கப்போகிறேன், கண்ணால் பார்த்துவிட்டு ஆள் அனுப்புகிறேன் என்றார். அம்மா நம்பினாள். அன்று மதியமே பிளேட்டின் மறுபக்கத்தில் ‘வரேன் பயப்படாதே’ என்று கீறி, அட்டையில் போட்டு, பெட்டியில் முதலாவதாக வைத்தாள்.

ஜாத்திரை முதல் நாள் போய்விட்டது. ஆள் வரவில்லை. இரண்டாம் நாள், மழைச்சாக்கு எடுக்கப் பரணில் கைவிட்ட அம்மாவின் கையில் சிவப்பு நூல் தட்டுப்பட்டது. பழைய ஒயர்க் கட்டுக்குப் பின்னால், அட்டையோடு, அந்தப் பிளேட்டு. நைனா பெட்டியிலிருந்து எடுத்து ஒளித்துவைத்துவிட்டுப் போயிருந்தார்.

முதல் நாள் ராத்திரி சின்னம்மா அந்தப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு அட்டையாக உருவிப் பார்த்திருக்கிறாள். கண் சரியாகத் தெரியாததால் விரலால் தடவி நூலைத் தேடியிருக்கிறாள். இரண்டு தடவை முழுப் பெட்டியையும் தேடினேன் என்று பின்னால் சொன்னாள். “அக்காவும் கைவிட்டுட்டாங்கன்னு நெனச்சிக்கினு படுத்துட்டேன்.” இதை அவள் அழாமல் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அம்மா பிளேட்டை எடுத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்தாள். வீட்டைப் பூட்டக்கூட இல்லை. பஸ் பிடித்துப் போனோம். ஊர் வருவதற்கு முன்பே நைனாவின் குரல் வந்துவிட்டது. கூழ் ஊற்ற வருகிறவர்கள் வரிசையில் வரவும், சிறுவர்கள் தேரடியில் விளையாடவேண்டாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அழகாகத்தான் சொன்னார். வேப்பிலையும் கூழும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. வெயில் மண்டையைப் பிளந்தது.

மாமனார் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா நேராகப் போனாள்.

“மாமா, என் தங்கச்சியப் பார்க்கணும்.”

“பாரு, யாரு வாணான்னா? அதோ உன் புருஷன். மைக்கு அவன் கையிலதான் கீது. என் பேரச் சொல்லச் சொல்லு. சொன்ன ஒடனே கட்டில எடுத்துடறேன்.”

அவர் இருந்த இடத்திலிருந்து நைனா உட்கார்ந்திருந்த பெஞ்சு பத்தடிகூட இருக்காது. அம்மா அங்கே ஓடினாள்.

“சொல்லுங்க. ஒரு வாட்டி சொல்லுங்க. அவ செத்துடுவா.”

“எவளும் சாவமாட்டா. நீ ஏன் இங்க வந்த? எல்லாரும் பாக்கறாங்க, போ.”

“ஒரு பேருதானே?”

“சொல்ல மாட்டேன்.”

சொல்லிவிட்டு அவர் பிளேட்டைத் திருப்பிப் போட்டார். அந்த வாயால் ஊரில் உள்ள எல்லார் பெயரையும் சொன்னவர். நாய் தொலைந்தாலும் மைக்கில் சொன்னவர். ஒரு மூச்சு விடுகிற நேரம் ஆகாது அந்தப் பெயரைச் சொல்ல. இருவரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அம்மா நின்றாள்.

பிறகு அவள் கையை நீட்டி முள்ளைத் தூக்கினாள். பாட்டு நின்றது. ஜாத்திரை சட்டென்று அமைதியானது. மைக்கைப் பிடித்தாள். சிவப்பு நூல் அட்டையிலிருந்து பிளேட்டை உருவி, வெயிலில் சாய்த்தாள்.

“இது என் தங்கச்சி எழுதினது” என்றாள். அவள் குரல் நாலு குழாயிலும் வந்தபோது எனக்கு அது யாரோ என்று இருந்தது. “அந்த வூட்டுக்குள்ள கீறா. படிக்கறேன், எல்லாம் கேளுங்க. காலு வீங்குது. கண்ணு இருட்டுது. வந்து...”

குழாய் செத்தது. நைனா ஒயரைப் பிடுங்கியிருந்தார்.

மிச்சத்தை அம்மா மைக் இல்லாமல் கத்தினாள். மைக் இல்லாமல் எவ்வளவு தூரம் கேட்கும். ஆனால் கூழ் வரிசையில் நின்ற பெண்களுக்குக் கேட்டது. முதலில் ஒரு பெண் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். பின்னாலேயே மற்றவர்கள். மாமனார், “யாருடி அது, என் வூட்டுல...” என்று எழுந்தார். “கட்டில எடு பெரிசு, இல்ல உன்னோட சேர்த்துத் தூக்கிப் போட்டுடுவோம்” என்றாள் ஒருத்தி. மாமியார் உள்ளேயிருந்து, “நல்லா துன்னுட்டுத் தூங்கறா, ஒண்ணுமில்ல அவளுக்கு” என்று சொல்லிக்கொண்டே வந்து, கூட்டத்தைப் பார்த்து ஒதுங்கினாள்.

சின்னம்மா பின்கட்டில் கிடந்தாள். முகம் அவள் முகமாக இல்லை. அம்மா கூப்பிட்ட பக்கம் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி, “அக்காவா?” என்றாள். கோயிலுக்கு விறகு கொண்டுவந்த டிராக்டரில் வைக்கோல் போட்டுப் படுக்கவைத்து நகரிக்கும், அங்கிருந்து காரில் திருப்பதி ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனார்கள். வழியில் அவளுக்குக் கைகால் இழுத்து வலிப்பு வந்தது. டிராக்டர் கிளம்பும்போது நான் திரும்பிப் பார்த்தேன். நைனா அம்மா வைத்துவிட்டுப் போன பிளேட்டை எடுத்து, துணியால் துடைத்து, பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

கேசட் வந்த பிறகு அந்தப் பெட்டியை அப்படியே புத்தூரில் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டார். அதனால்தான் யார் இசைத்தட்டுப் படம் போட்டாலும் நான் அந்த வளையத்தைப் பார்க்கிறேன். எங்கேயோ அது இருக்கிறது. எழுத்து அழியாது, ஆழமாகக் கீறியது.

சின்னம்மாவின் மெட்ராஸ் வீட்டுக்காரர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். சின்னம்மா இப்போது என்னோடு இருக்கிறாள், நான் தைக்கிற ஜாக்கெட்டுக்கு ஹூக் வைக்கிறாள். ‘பொண்டாட்டி மைக்கப் பிடிச்சி மானத்த வாங்கிட்டா’ என்று நைனா சாகும்வரை சொன்னார். நீங்கள் நைனாவின் குரலைப் பற்றி எழுதியதைச் சின்னம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஹூக்கைப் பல்லில் கடித்துக்கொண்டே, “நல்ல கொரல்தாண்டி அது. அதான் வயித்தெரிச்சல்” என்றாள்.

டிராக்டரில் கொண்டுபோன மறுநாள் விடியற்காலையில் திருப்பதியில் சின்னம்மாவுக்குப் பெண் குழந்தை இறந்து பிறந்தது. வலது கண்ணில் பார்வை திரும்பவில்லை. ஊரில் அது ஜாத்திரையின் கடைசி நாள். காலையில் பெரியவர்கள் பேசிச் சமாதானம் ஆனது. நைனா ஒயரை ஜன்னலில் மாட்டி, மைக்கை ஊதிப் பார்த்து, சின்னம்மாவின் மாமனார் பெயரை முதலாவதாகச் சொன்னார்.